முனைத்துறை ஆள்

வாங்கோ தம்பி, வாங்கோ. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், இது கராஜ்தானே. நேற்று போனில கதைச்சது நீங்கள்தானே? குரல் பெரிய ஆளின்ர குரல் மாதிரி இருந்துது, பாத்தால் பெடியனா நிக்கிறியள். முதல் படகைப் பாருங்கோ, பிறகு உள்ள போய் ஹோலில ஆறுதலா இருந்து கதைப்பம். தவமணி, என்ர மனிசி, உங்களுக்கெண்டு வடை சுட்டு வைச்சிருக்கிறா. நல்ல கப்புகளையும் அலுமாரியில இருந்து எடுத்தவ. விருந்தாளி வந்தால்தான் அதுகள் வெளிய வரும்.

அது சரி, உங்கட ஊர் எது?

இஞ்ச பிறந்தனீங்களோ. அது ஊர் இல்லை, அது ஆசுப்பத்திரி. நான் கேக்கிறது அப்பாவின்ர ஊரை. தெரியாதோ? இதென்ன கதை. அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கோவன், சும்மா அறிஞ்சு வைக்கத்தான். நான் உந்தச் சாதி கீதி ஒண்டும் பாக்கிற ஆள் இல்லை. அதெல்லாம் பிளேன் ஏறேக்கயே அங்க விட்டிட்டு வந்தாச்சு. எண்டாலும் ஒரு மனிசனோட கதைக்கேக்க ஊர் தெரிஞ்சால்தானே எந்தப் பக்கத்தால கதைக்கிறது எண்டு தெரியும். நான் நாவற்புலம். நாங்கள் கமக்காரர், புகையிலையும் வெங்காயமும். அனுப்பிட்டியளோ? நல்லது.

இதுதான் படகு. அலுமினியம், ஓட்டை கீட்டை ஒண்டும் இல்லை. மோட்டர் சின்னன், எண்டாலும் நாங்கள் செய்யிற வேலைக்கு அது காணும். ரெண்டு ஆசனம் இருக்குப் பாருங்கோ. முன்னுக்கு இருக்கிறதின்ர தோல் கொஞ்சம் வெடிச்சுப்போச்சு. பின்னுக்கு இருக்கிறது புதுசு மாதிரிக் கிடக்கும், ஒரு கறை இல்லை. அதில இருந்தவர் வலு ஒழுங்கான ஆள். இருந்தால் இருந்த இடத்தில இருப்பார், அசையமாட்டார். அந்த லைஃப் ஜக்கெட்டை எடுக்காதேங்கோ தம்பி, அது அப்பிடியே கிடக்கட்டும். அவர் மடிச்சு வைச்சது.

படகை ஏன் விக்கிறன் எண்டு போனில கேட்டனீங்கள். காசு தேவைப்பட்டு இல்லை. பின்னுக்கு இருக்க ஆள் இல்லை, அதுதான் காரணம். இருந்த ஆள் என்னை ஏமாத்திப்போட்டுப் போட்டார். மாசக்கணக்கா என்ர படகில, என்ர பெற்றோலில, என்ர சாப்பாட்டில திரிஞ்சுபோட்டு, தொழில் ரகசியத்தை மட்டும் சொல்லாமல் போட்டார். நீங்களே கேட்டுப்போட்டு ஒரு ஞாயம் சொல்லுங்கோ.

நான் இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து பிளாஸ்டிக் கொம்பனியிலதான் நிண்டனான். வாளி மூடி, மருந்துப் போத்தில், பூச்சாடி, எல்லாம் என்ர கையால போனது. அநேகமா நைட் ஷிஃப்ட். முழங்கால் போனதோட பென்ஷன் எடுத்துக்கொண்டு வீட்டில இருந்தன். நான் வீட்டில இருக்கிறது தவமணிக்கு ஒத்துவரேல்லை. ஒரு மாசத்திலயே எங்கையாவது போங்கோ எண்டு நச்சரிக்கத் தொடங்கியிட்டா. அப்பதான் பக்கத்து வீட்டுக்கார இத்தாலியன் சூடான ஊருக்கு மாறிப்போறான் எண்டு படகை வித்தவன். வாங்கிப்போட்டன்.

வாங்கின உடன சொந்தக்காரர் சிரிச்சவை. குலசிங்கம் மீன்பிடிக்கப் போறானாம் எண்டு. நான் வடிவா விளங்கப்படுத்தினனான். புழுக் குத்தி மீன் பிடிக்கிறது தொழில், அது அந்தத் தொழிலில பிறந்த ஆக்களுக்கு. நான் செய்யிறது ஸ்போர்ட்ஸ். புழுவைத் தொடமாட்டன், செத்த மீனைத் தொடமாட்டன். எனக்கு இந்தா, இதுதான் இரை. பிடிச்சுப் பாருங்கோ. றப்பர் மாதிரி மெத்தெண்டு இருக்கும், எல்லாம் பிளாஸ்டிக். வால் மெல்லிசு, தண்ணியில இழுத்தால் உயிருள்ள மீன் மாதிரி ஆட்டும். மணந்து பாருங்கோ. பெருஞ்சீரக மணம் வருதோ? மீனுக்கு அது பிடிக்குமாம், அதுதான் போட்டிருக்கிறாங்கள். நாள் முழுக்கப் பிடிச்சுப்போட்டு வந்தாலும் கையில மீன்நாத்தம் வராது. கோயிலுக்கே போகலாம்.

உங்களுக்கு ட்ரோலிங் தெரியுமோ? தெரியாதோ. பரவாயில்லை, லேசுதான். இஞ்ச இருந்து வடக்க ரெண்டு மணித்தியாலம் ஓடினால் கரடி ஏரி. குளிர்தண்ணி, ஆழம், ட்ரவுட் மீன் இருக்கிற ஏரி. படகின்ர ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தடியைக் குத்திவைச்சு, நூலை நல்லாப் பின்னால விட்டு, நுனியில இந்தப் பிளாஸ்டிக் மீனைக் கட்டி, ஆள் நடக்கிற வேகத்தில படகை ஓட்ட வேணும். அவ்வளவுதான். பனி உருகின கையோட ட்ரவுட் மேல்தண்ணியில திரியும், வெயில் ஏற ஏறக் கீழ இறங்கிடும், அப்ப நூல் தாழுறதுக்கு ஈயம் கூடப் போட வேணும். நேர ஓட்டப்படாது, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓட்ட வேணும். வளைவிலதான் கடிக்கும். புத்தகத்தில எல்லாம் வாசிச்சு வைச்சிருந்தனான்.

முதல் வருசம் முழுக்க வளைஞ்சன் தம்பி. ஒண்டும் கடிக்கேல்லை. தனிய இருந்து, முன்னுக்குத் தண்ணி, பின்னுக்குத் தண்ணி. தவமணி பின்னேரம் கதவைத் திறந்து என்ர முகத்தைப் பாத்திட்டு முட்டையைப் பொரிப்பா.

அப்பதான் மூத்தோர் சங்கத்தில மடுத்தீனைக் கண்டனான். புதுசா வந்து சேந்தவர், ஒரு மூலையில இருந்து கரம் விளையாட்டைப் பாத்துக்கொண்டிருந்தார். மெல்லிசான ஆள், மடிப்புக் குலையாத சேட்டு. பக்கத்தில போய் இருந்து ஊர் எது எண்டு கேட்டன். முனைத்துறை எண்டார்.

முனைத்துறை எண்டால் தெரியும்தானே? தெரியாதோ. கடற்கரை. வீட்டுக்கு வீடு வள்ளமும் வலையும். அங்க பிள்ளையள் நடக்க முதல் நீந்துமாம். கடவுளாக் கொண்டந்து விட்டிருக்கிறார் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு நான் அவரிட்ட வேற ஒரு கேள்வியும் கேக்கேல்லை. கேக்க என்ன கிடக்குது? வாற சனிக்கிழமை என்ர படகில வாரும் எண்டன். அவர் சிரிச்சுப்போட்டு, எனக்கு மீன்பிடி ஒண்டும் தெரியாது குலசிங்கம், நான் சும்மா வந்திருக்கிறன் எண்டார்.

பாத்தியளே கெட்டித்தனத்தை. முனைத்துறை ஆள், மீன்பிடி தெரியாதாம். நானும் விடேல்லை. ஓமோம், தெரியாதுதானே எண்டு கண்ணைச் சிமிட்டினன். அவர் என்னை நீங்கள் எண்டுதான் கதைப்பார், நான் அவரை நீர் எண்டுவன். என்னைவிட வயசு கொஞ்சம் கூடத்தான். எண்டாலும் அது அப்பிடியே வந்திட்டுது, அவரும் ஒண்டும் சொல்லேல்லை. மரியாதை தெரிஞ்ச மனிசன்.

முதல் நாள் விடியவே வந்திட்டார். ரெண்டு பஸ் மாறி வந்தவர். தண்ணியில படகை இறக்கினதும் லைஃப் ஜக்கெட்டை எடுத்துப் போட்டு எல்லா வாரையும் இறுக்கிக் கட்டினார். பிறகு பின் ஆசனத்தில இருந்து ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிச்சுக்கொண்டார். அசைவு இல்லை. நான் யோசிச்சன், ஆழத்தில மீன் எங்க நிக்குது எண்டதை உடம்பால உணருறார் எண்டு. எங்கட மீன் காட்டுற மிசினில அது படமா வரும், முனைத்துறை ஆக்களுக்கு அது தேவையில்லை.

எந்த நிறம் போடுவம் எண்டு பெட்டியைத் திறந்து நீட்டினன். நான் வெள்ளையும் பச்சையுமாத்தான் போடுறனான், புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்குது. அவர் பெட்டியைப் பாக்காமலே கையை விட்டு ஒண்டை எடுத்துத் தந்தார். ரோஸ் நிறம். அதை அவரையே கட்டச் சொன்னன். தண்ணியில வைச்ச கண்ணை எடுக்காமல் தூண்டில் ஊசியில ஏத்தினார், கோணலா ஏத்தினார். பிளாஸ்டிக் மீனை எப்பவும் நேர ஏத்த வேணும், கோணினால் தண்ணிக்குள்ள சுத்தும், நூல் முறுகும். எனக்கு வாய் வரைக்கும் வந்திட்டுது. பிறகு அடக்கிக்கொண்டன். நான் ஆர் முனைத்துறை ஆளுக்குச் சொல்லித்தர?

வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போகேல்லை, அவர் குனிஞ்சு படகுக்கு வெளிய சத்தி எடுத்தார். நல்லா எடுத்தார். வெறுவயித்தில வரேல்லைப் போல. நான் படகை வளைச்சன். வளைச்ச உடன அவற்ற தடி வில்லா வளைஞ்சுது. ட்ரவுட். என்ர வாழ்க்கையில முதல் ட்ரவுட். வெள்ளிப்புள்ளி போட்ட சாம்பல் உடம்பு, வயிறு பால் மாதிரி. எனக்குக் கண் கலங்கிப்போச்சுது. அவர் வாயைத் துடைச்சுக்கொண்டு, நல்லது, இனிக் கரைக்குப் போவமோ எண்டு கேட்டார். ஒரு மீனோட திருப்திப்படுற ஆள். அந்தத் தொழிலில அப்பிடி ஒரு ஒழுக்கம் இருக்குத்தானே.

நான் பிறகு புத்தகத்தில தேடிப் பாத்தன். தண்ணியில சாப்பாட்டைக் கரைச்சு விட்டு மீனைக் கூப்பிடுற ஒரு முறை இருக்குதாம். வெள்ளைக்காரன் அதை வாளியில கொண்டுபோய் ஊத்துவான். இவை என்னெண்டு செய்யினம் பாருங்கோ. நானும் ஒருக்கா விரலை விட்டுச் சத்தி எடுத்துப் பாத்தன். ஒண்டும் வரேல்லை. பரம்பரையா வர வேணும்.

இன்னொண்டு சொல்லுறன். கையில எப்பவும் ஒரு சின்ன மணிமாலை வைச்சிருப்பார். வேதக்காரர்தானே, செபமாலை எண்டு நினைப்பியள். நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சன். பிறகு கவனிச்சன், நூல் விடத் தொடங்கினால்தான் மணியை உருட்டுவார். கண்ணை மூடி, வாய்க்குள்ள ஏதோ சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு மணியாத் தள்ளுவார். படகு ஆடினால் கெதியாத் தள்ளுவார். நூல் எவ்வளவு போகுது எண்டு கணக்குப் பாக்கிறார். அதை விளங்கிக்கொள்ள எனக்குக் கன நாள் எடுத்துது. நான் வீட்டில சாமியறையில கிடந்த உருத்திராட்ச மாலையை எடுத்துக்கொண்டு போனன். தவமணி சண்டை பிடிச்சவ. எண்டாலும் அதுக்குப் பிறகு மீன் பட்டுது தம்பி, பொய் சொல்லேல்லை. சனிக்குச் சனி ஏதாவது ஒண்டு. எல்லாம் அவர் ஏத்தின கோணல் மீனிலதான். நான் ஏத்தினதில ஒண்டுகூட இல்லை.

பிடிச்ச மீனை அவரிட்டயே குடுத்து விடுவன். எங்களுக்கு வெட்டிக் கழுவுறது சரிவராது, தவமணி கடையில துண்டாக்கின மீன்தான் வாங்குறவ. அவருக்கு அது பழகின வேலைதானே. ஒருக்கா விரலில பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர். அவசரமா வெட்டியிருப்பார்.

நான் அவரை ஒரு குறையும் இல்லாமல்தான் வைச்சிருந்தனான். ஏரியால வந்தால் நேர இஞ்ச, இந்தக் கராஜிலதான் இருப்பம். அந்த ரெண்டு கதிரையும் அதுக்கெண்டு வாங்கினது. சித்திரையில இஞ்ச சரியான குளிர், ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ரெண்டுபேரும் கையைக் காய்ச்சுவம். தவமணி உள்ளுக்க இருந்து தேத்தண்ணி அனுப்புவா. அவருக்கெண்டு தனிக் கப் வைச்சிருந்தனான். அங்க பாருங்கோ, ஆணியில தொங்குது, நீலம். எங்கட கொம்பனியில செய்தது, விழுந்தாலும் உடையாது. இந்த வீட்டுக்கு எத்தினை பேர் வருகினம், ஆருக்காவது நாங்கள் தனிக் கப் வைச்சிருக்கிறமோ? அவர் குடிச்சு முடிஞ்சதும் தானே கொண்டுபோய் வெளிப்பைப்பில கழுவி, தானே ஆணியில கொழுவுவார். ஒருக்காத்தான், உள்ள குசினியில கழுவட்டோ எண்டு கேட்டவர். வேண்டாம், உமக்கு ஏன் சிரமம் எண்டனான்.

என்னத்தைக் கதைப்பமோ? நான்தான் கதைப்பன். அவர் கேப்பார். என்ர முழங்காலைப் பற்றி, பிறஷரைப் பற்றி, பிள்ளையள் போன் எடுக்கிறேல்லை எண்டதைப் பற்றி. எல்லாத்தையும் ஞாபகம் வைச்சிருந்து அடுத்த கிழமை கேப்பார். மகள் எடுத்தவவோ, குளிசையை மாத்தினவங்களோ எண்டு. தவமணிகூட என்னை அப்பிடிக் கேக்கிறேல்லை. உண்மையைச் சொன்னால், நான் சனிக்கிழமைக்கெண்டுதான் மற்ற நாளெல்லாம் இருந்தனான். அதுக்குள்ள மெல்ல மெல்ல ரகசியத்தைக் கேட்டுப் பாப்பன். எந்த நிறம், எந்த நேரம், காத்து எந்தப் பக்கம். சிரிப்பார். எனக்கு உண்மையாத் தெரியாது குலசிங்கம் எண்டுவார். கல்லில நார் உரிச்சமாதிரித்தான்.

சரி, இனித்தான் விசயம் வருது. ஆனி மாசம் மூத்தோர் சங்கத்தின்ர ஒன்றுகூடல், கரடி ஏரியிலதான். மீன்பிடிப் போட்டியும் வைச்சவை. பெரிய ட்ரவுட் பிடிக்கிற ஆளுக்குக் கேடயம். முந்தின வருசம் நான் வெறுங்கையோட வந்ததுக்குச் சிரிச்சவை எல்லாரும் வந்து நிக்கினம். மடுத்தீன் அந்தமுறை தான் வரேல்லை, காத்துக் கூட இருக்குமாம் எண்டு சொன்னவர். நான் விடுவனோ? நீர் வராட்டி நான் எப்பிடிப் பிடிக்கிறது, ஒருக்கா எனக்காக வாரும் எண்டு கெஞ்சினன். கப்பை ஆணியில கொழுவிப்போட்டு, நீங்கள் கேட்டால் வாறன் எண்டார். மகனையும் கூட்டிக்கொண்டு வந்தவர். அந்தப் பெடியன் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

போட்டி தொடங்க முதல் ஒவ்வொருத்தரையா மைக்கில பேசச் சொன்னவை. நான் என்னைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை, எல்லாம் மடுத்தீனைப் பற்றித்தான். இவர் முனைத்துறை ஆள், இவற்ற ஆக்கள் பரம்பரை பரம்பரையாக் கடலிலயே பிழைச்சவை, இவருக்கு மீன்பிடி ரத்தத்திலேயே ஊறினது, இப்பிடி ஒரு ஆள் என்ர படகுக்குப் பின்னால இருக்கேக்க எனக்கு ஆரிட்டப் பயம் எண்டு கேட்டன். எல்லாரும் கை தட்டினவை. ஆரோ விசிலும் அடிச்சவன். மடுத்தீன் நிலத்தைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டார். மகன் சாப்பாட்டுத் தட்டை அப்பிடியே வைச்சிட்டுக் காருக்குள்ள போய் இருந்திட்டான். தகப்பனை அப்பிடி ஒருத்தரும் புகழ்ந்து கேட்டிருக்கமாட்டான், பாவம், தாங்கேலாமல் போச்சாக்கும்.

ஏரியில நல்ல காத்து. அலை எண்டால் சின்ன அலைதான், கடல் பாத்த ஆளுக்கு அது என்ன. ஈயம் கூடப் போட்டு ஆழத்தில விட்டம். ரோஸ் நிறம், கோணல், மணி உருட்டு, சத்தி, எல்லாம் முறைப்படி நடந்துது. பெரிய வளைவு ஒண்டு எடுத்தன். அவற்ற தடி வளைஞ்சுது பாருங்கோ, தண்ணிக்குள்ளயே போச்சுது. கல்லில பட்டிட்டுதெண்டுதான் நினைச்சன். பிறகு அது இழுக்கத் தொடங்கிச்சு. நான் மோட்டரை விட்டிட்டுப் பாய்ஞ்சு தடியைப் பிடிச்சன். மோட்டரை விட்டதும் படகு அலைக்குக் குறுக்க திரும்பியிட்டுது. கொஞ்சம் தண்ணி உள்ள அடிச்சுது. மடுத்தீன் ஆசனத்தில இருந்து வழுக்கிக் கீழ இருந்து, என்ர காலைப் பிடிச்சார். ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சார். சுகமில்லாத முழங்காலைப் பிடிச்சார் தம்பி.

நான் மீனை இழுத்து இழுத்துப் படகுக்குப் பக்கத்தில கொண்டந்திட்டன். இவ்வளவு. பொய் இல்லை, என்ர கை நீளம். மேல வந்து ஒருக்கா வாயைத் திறந்து என்னைப் பாத்துது. காலை விடும் மடுத்தீன், வலையை எடும் எண்டு கத்தினன். அவர் விடேல்லை. வலை அவற்ற கைக்குக் கிட்டத்தான் கிடந்தது. நான் குனிஞ்சு பாக்க, முகம் சுண்ணாம்பு மாதிரி. அப்பதான் சொன்னார்.

"குலசிங்கம், என்ர ஐயாவும் அண்ணையும் ஒரே நாளில கடலுக்குப் போனவை. ரெண்டுபேரும் திரும்பி வரேல்லை. அதோட அம்மா என்னை ஊரில வைச்சிருக்கேல்லை, மலைநாட்டில வேதச் சாமிமாரின்ர விடுதியில கொண்டுபோய் விட்டவ. எனக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல தண்ணியில நான் நிண்டதே இல்லை."

"அப்ப என்னத்துக்குச் சனிக்குச் சனி வந்தனீர்?"

"நீங்கள் கூப்பிட்டியள். மனிசி செத்ததுக்குப் பிறகு ஒருத்தரும் என்னை ஒரு இடத்துக்கும் கூப்பிடேல்லை."

வேற ஆளெண்டால் இதைக் கேட்டு ஏமாந்துபோயிருப்பான். நான் மூளையைப் பாவிச்சன். ஐயாவும் அண்ணையும் சின்ன வயசிலயே போயிட்டினம் எண்டால், இந்த மீனெல்லாம் எப்பிடிப் பட்டுது? நிறம் எடுக்க ஆர் பழக்கினது? நான் கேட்டன்:

"அப்ப ஐயா செத்த பிறகு, உமக்கு ஆர் உந்த வேலையளைக் காட்டித் தந்தது?"

அவர் என்னைப் பாத்தார். பிறகு என்ர காலை விட்டார். அந்த நேரம் பாத்து நூல் அறுந்துது. மீன் ஒரு அவசரமும் இல்லாமல் அப்பிடியே கீழ இறங்கிப் போச்சுது. ரோஸ் நிறத்தோட போச்சுது.

திரும்பி வரேக்க அவர் மணியைக்கூட உருட்டேல்லை. கரையில நான் படகைக் கட்ட, அவர் மெல்ல இறங்கி, லைஃப் ஜக்கெட்டைக் கழட்டி, தண்ணியை உதறி, நாலா மடிச்சு ஆசனத்தில வைச்சார். இந்தா, இதேமாதிரி. போட்டு வாறன் எண்டார். பிறகு மகன்ர காரில ஏறிப் போயிட்டார். கேடயத்தை ஒரு பல்டாக்குத்தர் கொண்டுபோனவர். புழுவால பிடிச்சவர்.

அடுத்த சனி வரேல்லை. அதுக்கடுத்த சனியும் வரேல்லை. நான் போன் எடுத்தன். மகன்தான் எடுத்தவன். அப்பா இனி வரமாட்டார் அங்கிள் எண்டான். ஏன் தம்பி, நான் என்ன பிழை விட்டனான் எண்டு கேட்டன். அவன் சொன்ன மறுமொழியைக் கேளுங்கோ. என்ர அப்பா என்ன வேலை செய்தவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ அங்கிள் எண்டு கேக்கிறான். நான் என்னெண்டு சொல்லுறது, நான் கேக்கேல்லையே. மலைநாட்டில தபாற்கந்தோர் மாஸ்டராம். பென்ஷன் எடுக்கும் வரைக்கும் அங்கதானாம். அம்மாவைப் பற்றி எப்பவாவது கேட்டனீங்களோ எண்டான். எனக்கு அவவின்ர பேரும் தெரியாது. அதுக்கு நான் என்ன செய்யிறது? அவராச் சொல்லியிருக்கலாம்தானே. நான் என்ர முழங்காலைப் பற்றி முழுக்கச் சொன்னனான்.

தபாற்கந்தோர் மாஸ்டராம். இருக்கட்டும். மாஸ்டரா இருந்தால் மீன்பிடி மறந்துபோகுமோ? நான் பிளாஸ்டிக் கொம்பனியில நிண்டனான், இப்பவும் ஒரு வெங்காயத்தைக் கையில எடுத்தால் எந்த மண் எண்டு சொல்லுவன். ரத்தத்தில இருக்கிறது எங்கையும் போகாது. எனக்கு இப்பவும் ஒரே ஒரு கோவம்தான். எனக்குச் சொன்னால் என்ன குறைஞ்சுபோவார்? நான் என்ன அவரோட போட்டிக்குக் கடை போடப்போறனோ? ஒரு நல்ல சிநேகிதனுக்குச் சொல்லக்கூடாதோ?

அதுக்குப் பிறகு ரெண்டுதரம் தனியப் போனன். ரோஸ் நிறம் போட்டன், வேணுமெண்டே கோணலா ஏத்தினன். ஒண்டும் இல்லை. பின்னுக்குத் திரும்பி, உமக்குக் குளிருதோ எண்டு கேட்டுப்போட்டன், ஆள் இல்லை எண்ட ஞாபகம் இல்லாமல். அண்டைக்கு நேர கரைக்கு வந்திட்டன். சனிக்கிழமை இப்ப சரியான நீளம் தம்பி. தவமணி சொல்லுறா, படகை வித்துத் துலையுங்கோ, கராஜைப் பாக்கப் பாக்க உங்களுக்கு வருத்தம் கூடுது எண்டு. கப்பையும் எறியச் சொல்லுறா. நான் எறியேல்லை. திடீரெண்டு ஒருநாள் வந்து நிண்டால், அவர் எதில தேத்தண்ணி குடிக்கிறது?

சரி, அது கிடக்கட்டும். மோட்டரைப் போட்டுக் காட்டட்டோ? என்ன, போனோ? அப்பாவே? எடுத்துப் பாருங்கோ, பாருங்கோ. என்ன சொல்லுறார்?

என்ன, திருப்பிச் சொல்லுங்கோ.

முனைத்துறையோ?

உண்மையாவோ? எனக்குக் காட்டுங்கோ பாப்பம். ஓம், முனைத்துறைதான். கடவுள் இருக்கிறார் தம்பி, இதுதான் சொல்லுறது. வாசலால வரேக்கயே நினைச்சன், இந்தப் பெடியன்ர தோளைப் பாத்தால் சும்மா ஆள் இல்லை எண்டு. என்ன, நீங்கள் கம்பியூட்டர் படிக்கிறனீங்களோ, படியும், படியும், அது ஒரு பக்கம் கிடக்கட்டும். படகை நான் விக்கேல்லை. ஏன் விப்பான்? வாற சனிக்கிழமை விடிய வாரும். பின் ஆசனம் உமக்குத்தான். உதில ஏறி இரும் பாப்பம், அந்த ஜக்கெட்டை எடுத்துக் கீழ வையும். ஓம், கீழதான், பரவாயில்லை. இனி இந்தப் பெட்டிக்குள்ள கையை விட்டு ஒரு நிறம் எடும். பாக்காமல் எடும். உமக்குத் தெரியாதெண்டு சொல்லாதையும், எனக்கு எல்லாம் விளங்கும்.

எங்க இறங்குறீர்? உள்ள போக வேண்டாம், உள்ள தவமணி அதை இதைப் பரப்பி வைச்சிருப்பா, கரைச்சல். இஞ்சயே இருப்பம், கதிரை இருக்குத்தானே. தவமணி, அந்தக் கப்புகளை உள்ள எடுத்து வையப்பா, தேத்தண்ணியைக் கேத்திலோட தாரும்.

இரும் தம்பி, ஆணியில இருந்து கப்பை எடுக்கிறன். கொஞ்சம் தூசி, உதில பைப் இருக்குது, ஒருக்கா அலசிக்கொண்டு வாரும்.